கடை லாபத்தில் உங்கள் கூலி எவ்வளவு?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வரும் சிறு வியாபாரிகளிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "கடையில் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு?" பெரும்பாலோர் சொல்லும் பதில்: "நம் கடைதானே சார், சம்பளம் எதற்கு?"

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 40 லட்சம், போட்ட முதல் 10 லட்சம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் முறை) ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று வைத்தால் 3,20,000 ரூபாய். கணவனும் மனைவியும் விடிகாலை முதல் இரவு வரை அங்கேதான் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பதில் மாதம் 15,000 ரூபாய்க்கு இரண்டு ஆட்களை வைத்தால் ஆண்டுக்கு 3,60,000 ஆகும். அப்படியானால் அந்த 10 லட்சம் ஒரு ரூபாய்கூட ஈட்டவில்லை. லாபம் என்று நாம் எழுதியது முழுக்கக் கூலி, அதுவும் குறைந்த கூலி. மனைவியின் உழைப்போ கணவன் பெயரில் போகும் படிவத்தில் எங்குமே இல்லை. இதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உலக வருமானத்தில் முதலுக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு என்று பிரிப்பவர்களும் இதே இடத்தில்தான் திணறுகிறார்கள். சம்பளம் உழைப்பின் பங்கு. வட்டி, டிவிடெண்டு போன்றவை முதலின் பங்கு. சொந்தக் கடை, சொந்த ஆட்டோ, சொந்தத் தறி வைத்திருப்பவரின் வருமானத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. இந்தியாவில் வேலை செய்வோரில் பாதிக்கும் மேல் இப்படிப்பட்டவர்கள். அவர்கள் ஈட்டுவதை எல்லாம் லாபம் என்று ஒதுக்கினால் உழைப்பின் பங்கு குறைந்து தெரியும். சம்பளக்காரர் அளவுக்கு ஈட்டுகிறார்கள் என்று வைத்தால் கூடித் தெரியும். அதனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சுயதொழிலாளரின் உழைப்பு வருமானத்தைத் தனியாக மதிப்பிட்டு, 2019இல் 189 நாடுகளுக்கான கணக்கை வெளியிட்டது. உலக வருமானத்தில் உழைப்பின் பங்கு 2004இல் 53.7 சதவீதம்; 2017இல் 51.4. அந்தப் பங்குக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு இன்னும் கொடுமையானது. உழைத்து ஈட்டுவோரில் மேல்மட்டப் பத்து சதவீதத்தினர் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ள, கீழ்ப்பாதிக்கு மொத்தமாக 6.4 சதவீதம்தான் கிடைத்தது. நம் மளிகைக் கடைக்காரர்களில் பலர் இந்தக் கீழ்ப்பாதியில் இருக்கக்கூடும். ஆனால் ஊர் அவர்களை 'முதலாளி' என்கிறது.

வங்கியில் கடன் கேட்குமுன் உங்கள் இருவர் கூலியையும் ஒரு நோட்டில் எழுதி, லாபத்திலிருந்து கழித்துப் பாருங்கள். வரிப் படிவத்தில் இதற்கு இடமில்லை. 44ஏடியில் எந்தச் செலவையும் தனியே கழிக்க முடியாது. கணக்கு உங்களுக்காகத்தான். கழித்த பின் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், புதிய கடனின் வட்டியை உங்கள் கூலியிலிருந்துதான் கட்டப்போகிறீர்கள். அந்தக் கடனில் வாங்கும் சரக்கு வட்டிக்கு மேல் எவ்வளவு தரும் என்று தெளிவாகத் தெரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.