மழைக்கால அறிவிப்பில் எழுத இடம் போதாதவை

மழைக்காலம் நெருங்கும்போது சிறு நகரங்களின் நிர்வாகம் ஒரு துண்டறிக்கை வெளியிடுவது வழக்கம். தண்ணீரைத் தேங்க விடாதீர்கள், குடிநீரைக் காய்ச்சிப் பருகுங்கள், வடிகாலில் குப்பை கொட்டாதீர்கள், அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்காதீர்கள் என்று நான்கைந்து வரிகளில் அது முடிந்துவிடும். ஆண்டுதோறும் அதே வரிகள் வருவதால், பலர் அதைப் படிக்காமலேயே மடித்து வைத்துவிடுகிறார்கள். நகரச் சுகாதாரப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இது எனக்குக் கவலை தருகிறது. ஏனென்றால் அந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் திட்டவட்டமான காரணம் உண்டு. அதை விளக்கத்தான் துண்டறிக்கையில் இடமில்லை. அதில் இடம்பெறாத இன்னொரு செய்தியும் உண்டு. அதில் சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவை மழைக்கு முந்தைய வறண்ட வாரங்களில் முடிந்திருக்க வேண்டியவை. மழை பிடித்துக்கொண்ட பிறகு தொடங்கினால் பாதிப் பயன்கூடக் கிடைப்பதில்லை.

கொசுவை எடுத்துக்கொள்வோம். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் கலன்களில் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரையே அது நாடுகிறது. முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கும். கண்ணுக்கு வெறும் கரும்புள்ளிகளாகத் தெரியும் அந்த முட்டைகள், தண்ணீர் முழுவதும் வற்றிப்போன பிறகும் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியவை. மழைநீர் ஏறி அவற்றை நனைத்ததும் பொரிந்துவிடும். வறண்ட காலத்தில் ஒரு மூலையில் காலியாகக் கிடந்த டிரம், முதல் மழை பெய்த சில நாட்களிலேயே புழு நிறைந்த டிரம்மாக மாறுவது இதனால்தான். எனவே டிரம்மையும் தொட்டியையும் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. உட்சுவரை, குறிப்பாகப் பழைய நீர்மட்டத்தின் கறை தெரியும் பகுதியை, நாரோ பிரஷ்ஷோ கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே கவிழ்க்க வேண்டும்.

வெப்பமான பருவநிலையில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கித் தண்ணீர்க் கலன்களைக் காலி செய்து தேய்க்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த ஒரு நாள் தவறினால், அடுத்த முறை கலனைத் திறக்கும்போது அதிலிருந்து கொசு வெளியேறிவிட்டிருக்கும்.

வீடுகளைப் பார்வையிடச் செல்லும்போது பெரிய தொட்டிகளில் புழு இருப்பதைவிட, யாரும் எண்ணிப் பார்க்காத இடங்களில் இருப்பதையே அதிகம் காண்கிறோம். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில், அடிப்பகுதியில், நீர் சொட்டிச் சேரும் சிறிய தட்டு ஒன்று இருக்கும். அதை வெளியே இழுத்து டார்ச் விளக்கைக் காட்டினால், நீரின் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்குவதைப் பார்க்கலாம். சற்று அசையாமல் காத்திருந்தால் மூச்சுவிட மீண்டும் மேலே வரும். வீட்டை நாள்தோறும் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பவர்கள்கூட இந்தத் தட்டைப் பார்த்ததும் திகைத்துப்போகிறார்கள். சன்ஷேடின் மேல் உதிர்ந்த இலைகள் அடைத்துத் தேங்கிய நீர், மொட்டை மாடியில் போட்டுவைத்த பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, பயன்படுத்தாத கழிப்பறையின் நீர்த்தொட்டி, மூடி சற்றே விலகிய மேல்நிலைத் தொட்டி ஆகியவையும் இதே வகைதான். களப்பணியாளர்கள் வந்தால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பாமல், பின்கட்டு வரையிலும் மாடி வரையிலும் அழைத்துச் செல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இங்கே புகை மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் புகை அடிக்க வரவில்லை என்ற கேள்வி மழைக்காலத்தில் தொடர்ந்து வருகிறது. புகை, அது பரவும் நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். மூடிய அறையில், துணிகளுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் ஓய்ந்திருக்கும் கொசு தப்பிவிடும். தொட்டிக்குள் இருக்கும் புழுவுக்கு எதுவும் ஆகாது. இரண்டொரு நாளில் அந்தப் புழுக்கள் கொசுவாகி வெளியே வந்துவிடும். நோய் பரவும் தெருவில் நோய்க்கிருமி ஏறிய கொசுக்களை உடனடியாகக் குறைப்பதற்குப் புகை உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்டு நிம்மதியடைந்து தொட்டியை மறந்துவிடுவது ஆபத்தானது. ஏடிஸ் கொசு பொதுவாகத் தான் வளர்ந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் செல்வதில்லை. உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ வளர்ந்ததாகத்தான் இருக்கும்.

வீட்டுத் தொட்டிகளைக் கவனிப்பதால் ஒரு நகரத்தையே காப்பாற்ற முடியுமா என்று ஐயப்படுபவர்களுக்குக் கியூபாவின் ஹவானா நகரத்தைச் சான்றாகக் காட்டலாம். மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று அந்நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் கூறியபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1900-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் தலைமையிலான குழு அதை மெய்ப்பித்த பிறகு, வில்லியம் கோர்காஸ் என்ற மருத்துவ அதிகாரி வீடு வீடாக ஆய்வாளர்களை அனுப்பித் தண்ணீர்க் கலன்களை மூடச் செய்தார். தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றச் செய்தார். 1901-இலேயே ஹவானாவில் அந்த நோய் ஒடுங்கிவிட்டது. அப்போது அதற்குத் தடுப்பூசி கிடையாது. அங்கே எதிர்கொண்டதும் இதே ஏடிஸ் எஜிப்தி கொசுவைத்தான்.

அடுத்தது குடிநீர். நீரேற்று நிலையத்தில் குளோரின் கலந்து சுத்தமாக அனுப்பப்படும் நீர், குழாயின் வழியிலேயே கெட்டுப்போக முடியும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். நாள் முழுவதும் நீர் ஓடும் குழாயில் உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலுள்ளது உள்ளே வராது. முறை வைத்து நீர் விடும் நகரங்களில் வழங்கல் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் அதே குழாய் சேற்றிலும் சாக்கடை நீரிலும் மூழ்கிக் கிடப்பதால், விரிசல் வழியே வெளியிலுள்ள நீர் உள்ளே புகுந்துவிடும். குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுப்பவர்கள் இந்த ஆபத்தைப் பல மடங்கு ஆக்குகிறார்கள். மோட்டார் ஏற்படுத்தும் உறிஞ்சு விசை, அந்தத் தெருவில் எங்கெல்லாம் கசிவு இருக்கிறதோ அங்கெல்லாம் சுற்றியுள்ள அழுக்கை உள்ளே இழுக்கிறது. தமக்கு ஒரு குடம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று செய்வது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயிற்றுப்போக்கில் போய் முடியலாம் என்பதை அவர்கள் உணர வேண்டும்.

ஆகவே தண்ணீர் வந்தவுடன் முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்காமல், தெளியும் வரை தனியாகப் பிடித்துக் கழுவுவதற்குப் பயன்படுத்துங்கள். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தண்ணீரில் குளோரின் வாடை வருகிறது என்று குறைகூறி வருபவர்களிடம், வாடை அறவே இல்லாமல் போனால்தான் கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். கலங்கிய நீரில் மண்ணும் மக்கிய பொருளும் குளோரினை முதலில் தின்றுவிடும் என்பதால், வீட்டில் மருந்து கலப்பவர்கள் நீரைத் தெளியவைத்து வடிகட்டிய பிறகே கலக்க வேண்டும். கலந்து அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். காய்ச்சுபவர்கள், சூடானதும் இறக்கிவிடாமல், நன்கு கொப்பளித்துக் கொதிக்க விட்டு, அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவிட வேண்டும். கொதித்த நீரைக் கழுவாத குடத்துக்கு மாற்றுவதும், அதில் கைவிட்டு மொள்ளுவதும் செய்த வேலையை வீணாக்கிவிடும்.

மழைக்கு முன் தரைத்தொட்டியையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதைத் துண்டறிக்கையின் முதல் வரியாகவே போட வேண்டும் என்பது என் எண்ணம். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேர்ந்திருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் இந்த வாயு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று நினைப்பவர் சில மூச்சிலேயே நினைவிழந்து விழுவார். நெடுநாள் மூடிக்கிடந்த தரைத்தொட்டியிலும் கிணற்றிலும் ஆக்சிஜன் குறைந்திருக்க வாய்ப்புண்டு. இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் இறப்பதில்லை. விழுந்தவரைத் தூக்க மகனோ தம்பியோ இறங்குகிறார், அவரும் விழுகிறார். கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்த நிலையிலும் யாரையும் இறக்காதீர்கள். கூலிக்கு வருபவரையும் இறக்காதீர்கள். உறிஞ்சு லாரியைக் கொண்டு மட்டுமே அதைக் காலி செய்ய வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், பின்தொடர்ந்து இறங்காமல் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். நெஞ்சு பதறினாலும் இதுதான் வழி.

வடிகால்களைப் பொறுத்தவரை, அடைப்பு பெரும்பாலும் கால்வாயின் நடுவில் ஏற்படுவதில்லை. சிறுபாலத்தின் வாயிலும் வீட்டு வாசலின் சரிவுக்கு அடியிலும்தான் ஏற்படுகிறது. ஒரு பிளாஸ்டிக் பை கம்பித் தடுப்பில் ஒட்டிக்கொண்டால், அதன்மேல் இலையும் சேறும் படிந்து சிறிது நேரத்தில் ஒரு தெருவின் நீரே நின்றுவிடும். கட்டுமானத்துக்காகத் தெருவில் கொட்டிய மணலை முதல் மழை அப்படியே வடிகாலுக்குள் கொண்டுசேர்ப்பதால், மழைக்கு முன்பே அதை அள்ளிவிட வேண்டும். தூர்வாரிய மண்ணைக் கரையிலேயே விட்டுவைப்பது நிர்வாகத்தின் தரப்பில் நேரும் குறை. உங்கள் தெருவில் அவ்வாறு கிடந்தால் தயங்காமல் கேளுங்கள். தெருவில் நீர் நிற்கும்போது அதை வடிக்கப் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறப்பதை மட்டும் செய்யாதீர்கள். கழிவுநீர்க் குழாய் மழைநீரைத் தாங்கும் அளவுக்கு அமைக்கப்பட்டதல்ல. உள்ளே புகுந்த நீர், தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியே மலத்தோடு மேலெழும். திறந்த குழி கலங்கிய நீருக்கடியில் தெரியாமல், நடந்து வருபவரை உள்ளே இழுத்துவிடும். விரைந்தோடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் வளர்ந்த ஒருவரின் காலை வாரிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்சாரம் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். கசிவு ஏற்பட்டதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியை மெயின் ஸ்விட்ச் அருகே பொருத்தியிருந்தால், அதன் சோதனைப் பொத்தானை மழைக்கு முன் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பொருத்தவில்லை என்றால் பொருத்திக்கொள்ளுங்கள். ஈரச் சுவரில் கை வைத்தால் சுரீரென்று இழுக்கிறது என்றால், எலக்ட்ரீஷியன் வரும்வரை மெயினை நிறுத்திவையுங்கள்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதில் ஒரு தவறான எண்ணம் உயிரையே பறிக்கிறது. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து, மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, வெப்பம் தணியும் அந்த ஓரிரு நாட்களில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, நோயாளியின் நிலை திடீரென மோசமாகக்கூடும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது படபடப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் உடனே அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கொடுக்கக் கூடாது. அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறிப்பிட்டுள்ள அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காத வேளையில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து சேர்க்கலாம். தேங்கிய நீரில் நடந்து சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியே தொற்றும் எலிக்காய்ச்சலை அவர் நினைத்துப் பார்க்க அந்த ஒரு தகவலே போதும்.

புகார் கொடுக்கும் முறையிலும் ஒரு வேண்டுகோள் உண்டு. தண்ணீர் சரியில்லை என்று மட்டும் சொன்னால் எங்கே தோண்டுவது என்று எங்களுக்குத் தெரியாது. எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரம் கலங்கலாக வந்தது, எதிர்வரிசை வீட்டிலும் அப்படித்தானா என்று சொல்லுங்கள். எதிர்வரிசையில் தெளிவாகவும் உங்கள் வரிசையில் கலங்கலாகவும் வந்தால், உடைப்பு உங்கள் பக்கக் குழாயில் இருக்கிறது என்று தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம். ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால், ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றே தெரிவியுங்கள். அந்தப் பகுதியின் வால்வை மூடி, லாரியில் நீர் கொடுத்துவிட்டு, குழாயைத் திறந்து பார்க்கும் வேலையை மறுநாள் காலை நீர் விடுவதற்கு முன்பே தொடங்கிவிடலாம்.