கிளிஞ்ச் ஆற்று ஈனுலையும் ஒரு சட்டக் கருத்துரையும்

அரசுத் துறைகளுக்கும் பொது நிறுவனங்களுக்கும் சட்டக் கருத்துரை எழுதுவது என் தொழில். கருத்துரையைக் கையில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். செய்யலாமா கூடாதா என்பது அங்கேதான் இருக்கும். ஆனால் என்ன கேட்கப்பட்டது, எந்தப் பிரிவை வைத்துக் கேட்கப்பட்டது என்பதெல்லாம் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், எழுதியவர் சொல்லாததையும் சொன்னதாக ஊர் பேசத் தொடங்கிவிடும். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு இதைப் புரியவைக்க, 1970களில் அமெரிக்க அணுசக்தி ஆராய்ச்சியில் நடந்த ஒரு விவகாரத்தைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில், கிளிஞ்ச் ஆற்றங்கரையில் ஓர் ஈனுலை கட்டத் திட்டமிட்டார்கள். எரிக்கிற எரிபொருளைவிட அதிகமான புளுட்டோனியத்தை உண்டாக்கக்கூடிய, திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படும் உலை. மின்திறன் சுமார் 350 மெகாவாட். 1980க்குள் இப்படியொரு செயல்விளக்க உலை வேண்டும் என்று அதிபர் நிக்சன் 1971இல் அறிவித்தார். மதிப்பீடு 1972இல் ஏறக்குறைய 70 கோடி டாலர். இரண்டே ஆண்டில் அது 170 கோடியைத் தொட்டது. தனியார் மின் நிறுவனங்கள் தருவதாகச் சொன்னது 25 கோடி சொச்சம்தான். மீதிச் சுமை அரசின் தலையில்.

இந்த உலைக்கான சட்ட அனுமதி 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 106ஆம் பிரிவில் இருந்தது. அந்தப் பிரிவு பணத்துக்கு அனுமதி கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒப்பந்தம் போடுவதற்கு முன், திட்டத்தின் நோக்கத்தையும் ஏற்பாடுகளையும் விவரிக்கும் ஆவணத்தை நாடாளுமன்றத்தின் அணுசக்திக் கூட்டுக்குழு முன் 45 நாள் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சலிப்பூட்டும் நடைமுறை விதி என்று பலர் தாண்டிப்போகிற இடம் இது. பின்னால் வந்த சண்டை முழுவதும் இந்த ஆவணத்தைச் சுற்றியே நடந்தது.

1977 ஏப்ரலில் அதிபர் கார்ட்டர், எரிந்த எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுபதப்படுத்தலையும் வணிக ஈனுலைகளையும் காலவரையின்றித் தள்ளிவைத்தார். புளுட்டோனியம் பெருகினால் ஆயுதம் செய்யும் நாடுகளும் பெருகும் என்பது அவர் கவலை. 1974 பொக்ரான் சோதனை அந்தக் கவலைக்கு உரம் போட்டிருந்தது. கிளிஞ்ச் ஆற்றுத் திட்டத்தில் வடிவமைப்பை மட்டும் முடித்து, உரிமம், கட்டுமானம் இரண்டையும் கைவிடுவது நிர்வாகத்தின் எண்ணம். குழுவிடம் கொடுத்திருந்த ஆவணத்தைத் திருத்தியே அதைச் சாதித்துவிடலாம் என்று பார்த்தார்கள்.

அமெரிக்காவின் தலைமைத் தணிக்கையாளர் எல்மர் ஸ்டாட்ஸிடம் கேள்வி போனது. அவரது விடை 1977 ஜூனில் வந்தது. 106ஆம் பிரிவு கொடுத்த அதிகாரம் உலையைக் கட்டி இயக்கிக் காட்டுவதற்கானது. அதே அதிகாரத்தை வைத்துத் திட்டத்துக்கு மூடுவிழா நடத்த முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் சட்டத்தை மாற்றுங்கள். சாரம் இவ்வளவுதான். ஈனுலை நல்லதா, புளுட்டோனியம் ஆபத்தா, 170 கோடி தகுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே அந்தக் கருத்துரையை உலைக்குக் கிடைத்த நற்சான்றாகப் படிப்பது தவறு. கார்ட்டரின் கவலை வீண் என்று படிப்பதும் தவறு.

வெறும் கருத்துதானே, மதிக்காமல் போனால் என்ன என்று கேட்பார்கள். அமெரிக்கத் துறைகளில் பணப்பட்டுவாடாவுக்குச் சான்றளித்துக் கையெழுத்திடும் அதிகாரி ஒருவர் உண்டு. சட்டம் அனுமதிக்காத செலவுக்கு அவர் கையெழுத்துப் போட்டதாகத் தணிக்கை அலுவலகம் முடிவுசெய்தால், அந்தத் தொகைக்கு அவரே சொந்தப் பொறுப்பு. மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மூடுவிழாச் செலவுக்கான ரசீது மேசைக்கு வரும்போது அந்த மனிதரின் பேனா தயங்காதா? அதிபரின் கொள்கையே அந்தக் கையெழுத்துக்காகக் காத்து நிற்கும். தணிக்கையாளரின் சொல்லுக்குக் கனம் கிடைப்பது இங்கேதான்.

1977 நவம்பரில் கார்ட்டர் தன் பதவிக்காலத்தின் முதல் வீட்டோவைப் பயன்படுத்தினார். இந்த உலைக்கு 8 கோடி டாலர் அனுமதித்த மசோதாவுக்கு எதிராகத்தான். ஆனால் பணம் இன்னொரு ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்தது. அதில் 1978இல் அவரே கையெழுத்திட்டார். திட்டம் சாகவும் இல்லை, வளரவும் இல்லை.

யார் எழுதிய கருத்துரை என்பதையும் பாருங்கள். தலைமைத் தணிக்கையாளரை அதிபர்தான் நியமிக்கிறார், 15 ஆண்டுப் பதவி. ஆனால் அந்த அலுவலகம் நாடாளுமன்றத்தைச் சேர்ந்தது. துறையின் சட்ட ஆலோசகரோ நிர்வாகத்தின் ஆள். ஒரே பிரிவை இருவரும் நேர்மையாகவே வெவ்வேறு விதமாகப் படிக்கலாம். இருவர் எழுதுவதும் தீர்ப்பு ஆகாது.

துறையின் சட்ட நிலைப்பாடு நீதிமன்றத்தில் சரிந்ததும் இதே ஈனுலை ஆராய்ச்சியில் நடந்திருக்கிறது. ஒவ்வொரு உலைக்கும் தனித்தனியே சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தந்தால் போதும், முழுத் திட்டத்துக்கும் இப்போது தேவையில்லை என்பது அப்போது அந்த ஆராய்ச்சியை நடத்திய அரசு அமைப்பான அணுசக்தி ஆணையத்தின் வாதம். 1973இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழில்நுட்பம் வணிகத்துக்கு வரும்வரை காத்திருந்தால், அதற்குள் கொட்டிய பணமே வேறு வழிகளை அடைத்துவிடும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. ஆராய்ச்சிக் கட்டத்திலேயே முழுத் திட்டத்துக்கும் அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. என் கணக்கில் அந்தப் பத்தாண்டின் மிக முக்கியமான அணுசக்தித் தீர்ப்புகளில் இது ஒன்று.

கிளிஞ்ச் ஆற்று உலை கடைசியில் நின்றது 1983 அக்டோபரில். 56க்கு 40 என்ற வாக்கில் செனட் சபை மேற்கொண்டு பணம் தர மறுத்தது. அதற்குள் 150 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. உலை எழும்பவே இல்லை.