மெரினாவின் மணல் எங்கிருந்து வந்தது?

மெரினாவில் சுண்டல் வண்டிகளைத் தாண்டி அலையில் கால் நனைக்க, மணலில் கால் புதையப் புதைய வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. 150 ஆண்டுகளுக்கு முன்பு அவ்வளவு நடக்க வேண்டியிருக்காது. இன்றைய சாலையின் பக்கத்திலேயே கடல் இருந்தது. 1876-இல் சென்னைத் துறைமுகத்தைக் கட்ட ஆரம்பித்து, கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். அதற்கப்புறம்தான் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது.

அந்த மணலை யாரும் லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. அது தெற்கிலிருந்து தானாக வந்தது.

எப்படி வந்தது என்று தெரிய, கரையில் நின்று ஓர் அலையை மட்டும் கவனியுங்கள். அது பெரும்பாலும் கரைக்கு நேராக வராது, சற்றே சாய்ந்து வரும். உடைந்ததும் மணலை அள்ளிக்கொண்டு அதே சாய்வில் மேலேறும். திரும்பும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேரே இறங்கிவிடும். ஆக, ஏறிய மணல் துகள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் தள்ளி இறங்கும். பத்து விநாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 8,640 அலைகள். ஒவ்வொன்றும் மணலைக் கொஞ்சம் நகர்த்துகிறது.

அலை உடையும் பகுதியில் இன்னொன்றும் நடக்கிறது. சாய்ந்து வரும் அலைகள் தண்ணீரைக் கரையோரமாகவே தள்ள, அங்கே ஒரு நீரோட்டம் உருவாகிறது. கடலில் குளித்தவர்களுக்கு இது பழக்கம்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், செருப்பை விட்ட இடம் எங்கோ தள்ளித் தெரியும். அலை கிளப்பிவிடும் மணலைச் சுமந்து செல்வது இந்த நீரோட்டம்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சென்னைக் கரையோரம் மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. வடக்கே போகும் காலமே நீளம் என்பதால், ஆண்டு முடிவில் மணல் வடக்கே போனதாகத்தான் கணக்கு. அந்த வழியில் துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் ஓட்டம் தளர்ந்தது, மணல் அங்கேயே தங்கியது.

சரி, சுவருக்கு வடக்கே? அங்கே அலைகள் வழக்கம்போல மணலை எடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஈடுகட்ட வேண்டிய மணல்தான் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது, பாறாங்கற்களைக் கொட்ட வேண்டிவந்தது. வீட்டையும் வலை காயவைக்கும் இடத்தையும் இழந்த மீனவர்களிடம் 'கடல் சீற்றம்' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் கரைக்குப் போக வேண்டிய மணல்தான் மெரினாவில் கிடக்கிறது. புதுச்சேரியிலும் 1989-இல் துறைமுகச் சுவர்கள் வந்த பிறகு இதேதான் நடந்தது. நகரத்தின் கடற்கரை கற்குவியலாகிவிட்டது. 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் அங்கே மணல் மறுபடி சேர்ந்தது.

சுவர் இல்லாத இடத்திலும் மணல் நிற்கும். கரை திடீரென உள்வாங்கும் முகத்துவாரத்தில் நீரோட்டத்தின் வேகம் குறைய, சுமந்துவந்த மணல் கீழே விழுகிறது. அது நாக்கு மாதிரி நீண்டுகொண்டே போகும். அடையாற்றின் வாயை மணல் அடைப்பது இப்படித்தான். மழை வெள்ளம் உடைத்துத் திறக்கும். வெள்ளம் வடிந்தால் மீண்டும் அடைபடும், பொக்லைன் வைத்துத் தோண்டுவார்கள். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல் என்பதால் மணல்முனையின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. அரிச்சல்முனைக்கு அப்பால் தலைமன்னார் நோக்கிக் கிடக்கும் மணல் திட்டுகளை அந்தப் பக்கத்தில் 'தீடை' என்பார்கள்.

மணல் கரையோரமாக மட்டும் போவதில்லை, கடலுக்குள்ளும் போய்வருகிறது. புயல் காலத்து உயரமான அலைகள் கரையைச் சுரண்டி, மணலைச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மேடாகக் குவிக்கின்றன. கடல் அடங்கிய பிறகு சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொடுக்கும். புயல் ஓய்ந்த சில நாட்களில் போய்ப் பாருங்கள். கரைக்கு வரும் முன்பே அலைகள் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக உடைந்துகொண்டிருக்கும். கரையிலிருந்து காணாமல் போன மணல் அந்தக் கோட்டுக்கு அடியில் கிடக்கிறது.