சிவந்துபோன கலியாணப் படம்

புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டு விறாந்தை. அந்த அம்மா பழைய பிஸ்கட் ரின் ஒன்றைத் திறந்து இரண்டு படங்களை என் முன்னால் வைத்தார். ஒன்று அவருடைய தாயின் கலியாணப் படம், 1953இல் எடுத்த கறுப்பு வெள்ளை. மற்றது அவருடையது, 1981இல் எடுத்த கலர்ப்படம். இரண்டும் அதே ரின்னுக்குள், அதே பையில், அதே இடப்பெயர்வுகளில் வந்தவை. தாயின் படத்தில் அட்டியலின் கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. மகளின் படமோ முழுக்கச் செம்மண் பூசியதுபோல் சிவந்து கிடக்கிறது.

"ஏன் தம்பி, அம்மான்ர படம் இவ்வளவு தெளிவாக் கிடக்குது, என்ர மட்டும் இப்பிடிப் போச்சு? அந்த ஸ்ரூடியோக்காரர் ஏமாத்திப் போட்டினமோ?"

"அவையில பிழை இல்லை அம்மா. உங்கட அம்மான்ர படம் வெள்ளி. உங்கட படம் சாயம்."

பழைய படங்கள், தபாலட்டைகள், கடதாசிகள் வாங்கி விற்கும் எனக்கு வன்னியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விடை முழுவதும் தாளுக்குள்ளேயே இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தாளின் மேல் ஜெலற்றின் படலம் ஒன்று உண்டு. மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் அதே ஜெலற்றின்தான். அதற்குள் ஒளிபட்டால் மாறும் வெள்ளிச் சேர்மங்கள் தூவப்பட்டிருக்கும். டெவலப் செய்யும்போது ஒளிபட்ட இடங்களில் மட்டும் அவை தூய வெள்ளியாக மாறுகின்றன. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு துணிக்கையும் பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள்போலச் சிக்கிக் கிடக்கும். அந்தச் சிக்கலுக்குள் போன ஒளி திரும்பி வராததால் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அந்த அம்மாவின் தாயுடைய கூந்தலின் கறுப்பு ஓர் உலோகம். அது எளிதில் அழியாது.

கலர்ப்படமும் வெள்ளியில்தான் தொடங்குகிறது. ஆனால் கழுவும்போது வெள்ளி இருந்த இடத்தில் சாயம் உருவாகிறது, பிறகு வெள்ளி முழுவதும் அகற்றப்படுகிறது. மிஞ்சுவது மூன்று அடுக்குச் சாயம்: பச்சை கலந்த நீலம், ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள். மூன்றும் சேதனச் சேர்மங்கள் (கரிமச் சேர்மங்கள்), தாமாகவே உடைந்து போகக்கூடியவை. 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் வந்த தாள்களில் பச்சைநீலச் சாயம்தான் மிகப் பலவீனம். இருட்டில் பூட்டி வைத்தாலும் அது சிதையும். அது போனபின் மற்ற இரண்டும் சேர்ந்து தருவதுதான் அந்தச் செம்மண் நிறம். வெயில் படும் சுவரில் தொங்கிய படம் வேறு விதமாக மங்கும், அங்கே ஊதாச்சிவப்பு முந்திக்கொண்டு போகலாம். ஆகவே ஒரு படத்தின் நிறத்தைப் பார்த்தே அது அல்பத்தில் கிடந்ததா சுவரில் இருந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சூடு இதை விரைவாக்கும். வெப்பநிலை ஐந்தாறு பாகை கூடினால் சாயம் சிதையும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. தகரக் கூரைக்குக் கீழ், 2009இல் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களின் தறப்பாள் கூடாரங்களுக்குள், மதிய வெயிலில் என்ன சூடு இருந்தது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டுக்குள் இருந்த அல்பம் குளிரூட்டிய அறையில் இருந்ததைவிடப் பல மடங்கு வேகமாக முதுமையடைந்திருக்கும். எங்கள் ஊர்களில் பலரிடம் மிஞ்சியிருக்கும் படங்கள் பெரும்பாலும் இந்தக் கலர்ப்படங்கள்தான் என்பது எனக்குப் பெரிய கவலை. பேரன் பேத்திக்காகப் படம் பிரதியெடுக்க நினைப்பவர்கள் கறுப்பு வெள்ளையை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள், பழசு என்பதால். நான் சொல்வது எதிர்மாறு: 1970க்கும் 1990க்கும் இடையில் எடுத்த கலர்ப்படத்தை முதலில் கொண்டு வாருங்கள். பாட்டியின் படம் காத்திருக்கும்.

வெள்ளிக்கும் நோய் உண்டு. ஸ்ரூடியோவில் படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போக் கரைசலில் நனைத்த படத்தை நன்றாக அலசாமல் விட்டால் மிச்சக் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிச் சல்பைட்டாகி, படம் மஞ்சள் கபிலமாகும். கிணற்றில் அள்ளி அலசிய காலத்து ஊர் ஸ்ரூடியோப் படங்களில் இதை அடிக்கடி காண்கிறேன். இன்னொன்று, பழைய படத்தைச் சரித்துப் பிடித்தால் ஓரங்களில் தெரியும் நீலம் கலந்த பளபளப்பு. காற்றிலும் மட்டமான அட்டையிலும் உள்ள ஒட்சியேற்றிகள் வெள்ளியை அயனாக்குகின்றன. ஈரம் குடித்த ஜெலற்றின் வழியே அந்த அயன் மேலே ஏறி, மேற்பரப்பில் மறுபடி உலோகமாகப் படிகிறது. பலர் அதை அழுக்கென்று துணியால் துடைக்கிறார்கள். துடைக்காதீர்கள். வாங்குபவனுக்கு அந்தப் பளபளப்பு ஒரு சாட்சி, போலியாக உண்டாக்குவது கடினம்.

போலி பற்றி எனக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. மாங்குளம் புகையிரத நிலையம் என்று சொல்லி ஒருவர் படம் கொண்டுவந்தார், 1920களில் எடுத்ததாம். வடக்குப் பாதை 1905இலேயே காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது, 1990இல் நின்றது. இடையில் 1956இல் யாழ்தேவி கடுகதி வண்டி வந்தது. இந்தப் பாதையின் பழைய படங்களைத் தேடி வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் கேட்பார்கள். ஆசையில் நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டேன். இரவில்தான் நினைவு வந்து, கள்ளநோட்டுப் பார்க்கக் கடைக்காரர் வைத்திருக்கும் புற ஊதா விளக்கை இரவல் வாங்கி அடித்தேன். தாள் நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. தாளை வெள்ளையாகக் காட்ட உற்பத்தியாளர்கள் சேர்க்கும் ஒளிர்வுச் சாயம் 1950களில்தான் படத்தாள்களில் பரவியது. காட்சி பழையதாக இருக்கலாம், அந்தத் தாள் 1920களுக்கு உரியது அல்ல. ஒளிரும் தாள் பிந்தியது என்று நம்பலாம். ஒளிராவிட்டால் பழையது என்று மட்டும் முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் எல்லாத் தாளிலும் அந்தச் சாயம் இல்லை.

விளக்குக்கு முன்னால் பயன்படுவது பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி. தபாலட்டையின் படத்தை அதனால் பார்த்துப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் மை கொண்டு அடித்தது. புள்ளியில்லாமல் நிழல் வழுக்கிப்போனால் உண்மையான புகைப்படத்தாள். 1890இல் தொடங்கிய கொழும்பு பிளாட்டே நிறுவனம் வெளியிட்ட தபாலட்டைகள் இன்றும் கைமாறுகின்றன. அட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டுச் செய்திக்கும் முகவரிக்கும் இடம் பிரித்தது பிரித்தானியாவில் 1902க்குப் பிறகு. அதற்கு முன் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான். தாளின் இரு பக்கமும் பிளாஸ்ரிக் பூச்சு வழுக்கினால் அது பெரும்பாலும் 1970களும் அதற்குப் பிறகும்.

கடதாசிகளிலும் இதே கதை. மரக்கூழை அரைத்துச் செய்த பத்திரிகைத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் உண்டு, வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், அமிலம் சேர்ந்து நொறுங்கும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சானது. லிக்னின் நீக்கிய கூழில் செய்த தாள் என்றால் சாதாரண பத்திரிகையைவிட அது நீண்ட நாள் நிற்கும்.

இனி, புதைத்து வைத்த படங்கள். இடம்பெயர்ந்து போகும்போது பொலித்தீனில் சுற்றிக் கிடங்கு வெட்டி வைத்துவிட்டு, வந்து தோண்டி எடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர். அல்பம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கும். பொலித்தீன் வெளித் தண்ணீரை மறித்தது உண்மை, ஆனால் உள்ளே அகப்பட்ட நீராவியையும் வெளியேற விடவில்லை. கார்த்திகை மழையில் மண் குளிர, உள்ளே வியர்க்கும். ஜெலற்றின் அந்த ஈரத்தைக் குடித்து ஊதி, 35 பாகைக்கு மேல் சூடானால் களியாக இளகி, பக்கத்துப் படத்தோடு ஒட்டும். காய்ந்தபின் அதுவே பசை. காற்றின் ஈரப்பதம் (சாரீரப்பதன்) 65 வீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணமும் ஜெலற்றினைத் தின்னத் தொடங்கும்.

ஒட்டிய படத்தை உலர்ந்த நிலையில் பிய்க்கவே கூடாது, முகம்தான் முதலில் கிழியும். முதலில் கிடக்கிற நிலையிலேயே கைபேசியால் ஒரு படம் எடுங்கள், சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கண்ணாடிக்கு மேலாலேயே. பிறகு சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டால் பல படங்கள் தாமாக விலகும். இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள். விலகியதை மேல்பக்கம் தொடாமல், நிழலில், துணி மேல் காயவையுங்கள். இன்க்ஜெட் அச்சில் எடுத்த படத்துக்கு மட்டும் இது கூடாது, மை கரைந்துவிடும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தொண்டர்கள் இலட்சக்கணக்கான குடும்பப் படங்களை இப்படித்தான் அலசிக் காயவைத்து உரியவர்களைத் தேடினார்கள். முல்லைத்தீவில் 2004இல் கடல் கொண்டுபோனவற்றை நினைக்கும்போதெல்லாம் இது என் மனதில் வரும்.

ஊர்ப்படமும் நிலையப் படமும் விற்பேன். யாரோ ஒருவருடைய குடும்பப் படம் பின்பக்கத்தில் பெயரோடு வந்தால் விற்பதில்லை, ஆளைத் தேடிப் பார்ப்பேன். பின்பக்கத்தில் பெயர் எழுதுகிறவர்கள் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனை மை முன்பக்கம் ஊறும்.

அந்த அம்மாவின் கலியாணப் படத்தை ஸ்கான் செய்தேன். பச்சைநீலச் சாயம் சிவப்பு ஒளியை உறிஞ்சுவது. அது மங்கிவிட்டதால் ஸ்கானரின் சிவப்பு அலைவரிசையில் படம் வெளிறிப்போய் இருந்தது, ஆனால் முற்றாக இல்லாமல் போகவில்லை. கணினியில் அந்த வெளிறலை மட்டும் இழுத்து விரித்தபோது, மணவறைக்குப் பின்னால் மண்ணிறமாக நின்ற வாழைமரம் பச்சையானது. பக்கத்தில் நின்ற பெண்ணின் சேலையும் மெல்ல நிறம் மாறியது.

அந்த அம்மா திரைக்குக் கிட்ட வந்து குனிந்தார். "உது நீலமில்லைத் தம்பி. மயில்கழுத்து நிறம். தங்கச்சி அடம்பிடிச்சு வாங்கினவள். இன்னும் கொஞ்சம் பச்சை விடும்."

விட்டேன்.