சிவப்பு உறை டிஸ்க் ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது: எச்டி டிவிடி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய டிஸ்க், கேசட் எல்லாவற்றிலிருந்தும் வீடியோவைக் காப்பாற்றித் தருவது என் தொழில். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது, அமெரிக்காவிலிருந்து மாமா கொடுத்துவிட்டது என்று சிவப்பு உறை போட்ட டிஸ்க்கை எடுத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "ப்ளூ-ரே பிளேயர்ல போட்டா ஓடல சார், டிஸ்க் போயிடுச்சா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அது ப்ளூ-ரேயே இல்லை, ஒரு காலத்தில் ப்ளூ-ரேயோடு போட்டி போட்டுத் தோற்ற எச்டி டிவிடி என்ற வேறு வடிவம். இன்று கடையில் விற்கும் எந்தப் பிளேயரிலும் ஓடாது.

இரண்டில் எதில் படம் நன்றாக இருந்தது என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். இரண்டுமே 405 நானோமீட்டர் நீல ஊதா லேசரில் படிப்பவை, இரண்டிலும் எம்பெக்-2, விசி-1, எச்.264 என்ற அதே சுருக்க முறைகள்தான், ஆகவே ஒரே மாஸ்டரிலிருந்து (மூலப் பிரதியிலிருந்து) அக்கறையாகச் செய்த இரண்டு டிஸ்க்கைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

உண்மையான வேறுபாடு, தகவல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதில். எச்டி டிவிடியில் பழைய டிவிடி மாதிரியே 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு உள்ளே, ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டருக்கு உள்ளே. லென்ஸின் திறனைக் கூட்டினால் லேசர் புள்ளி சிறிதாகும், ஆனால் டிஸ்க் துளி சாய்ந்தாலும் புள்ளி சிதறிவிடும், நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தடிமனாக இருந்தால் அந்தச் சிதறல் இன்னும் மோசம். அந்தத் தடிமனைக் குறைத்ததால்தான் ப்ளூ-ரேயில் லென்ஸின் திறனைக் குறிக்கும் எண்ணை (NA) எச்டி டிவிடியின் 0.65-லிருந்து 0.85-க்குக் கொண்டுபோக முடிந்தது. தடங்களுக்கு இடையே 0.40 மைக்ரானுக்குப் பதில் 0.32 மைக்ரான், ஒரு அடுக்கில் 15 ஜிபிக்குப் பதில் 25 ஜிபி. இதற்குக் கொடுத்த விலை கீறல் பயம். 2003-ல் ஜப்பானில் சோனி விற்ற முதல் ப்ளூ-ரே ரெக்கார்டருக்கான டிஸ்க்குகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள்தான் வந்தன, கெட்டியான மேற்பூச்சு வந்த பிறகுதான் அந்தக் கூட்டைக் கழற்ற முடிந்தது. எச்டி டிவிடிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, டிவிடி அச்சடித்த தொழிற்சாலையையே கொஞ்சம் மாற்றி ஓட்டலாம்.

சரி, எச்டி டிவிடியின் இரண்டு அடுக்குக்கும் சேர்த்து 30 ஜிபி போதாதா? எச்டி டிவிடியில் படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு அதிகபட்சம் சுமார் 30 மெகாபிட் போகும். அந்த முழு வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு 27 ஜிபி ஆகிறது, அதாவது இரண்டு மணி நேரப் படத்துக்கு இரட்டை அடுக்கு டிஸ்க் போதும். மூன்று மணி நேரப் படம் என்றால் சராசரி 22 மெகாபிட்டுக்கு இறங்க வேண்டும், அங்கேதான் ப்ளூ-ரேயின் 50 ஜிபி கைகொடுத்தது.

வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் 2006-ல் எச்டி டிவிடிதான் முழுமையான பொருள் என்பது என் கருத்து. ஏப்ரலில் தோஷிபாவின் பிளேயர் அமெரிக்காவில் 499 டாலர், ஜூனில் வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். எச்டி டிவிடி பிளேயர் எல்லாவற்றிலும் இணைய இணைப்பு வசதி கட்டாயம், எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று கட்டுப்படுத்தும் ரீஜன் கோடு கிடையாது. ப்ளூ-ரேக்காரர்கள் விதிமுறையைத் தவணை முறையில் முடித்தார்கள், ஆரம்பத்தில் வாங்கியவர்களின் பிளேயரில் பின்னால் வந்த வசதிகள் பல வேலை செய்யவில்லை.

அப்புறம் எப்படித் தோற்றது? பிளேஸ்டேஷன் 3 கேம் கன்சோல் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு ப்ளூ-ரே பிளேயர் தானாக நுழைந்தது, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி டிவிடி டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதோடு ஸ்டுடியோக்கள். 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் எச்டி டிவிடி பக்கம் தாவியபோது ஆட்டம் சமன் ஆனது போலத் தெரிந்தது. 2008 ஜனவரி 4 அன்று, இரண்டு வடிவத்திலும் வெளியிட்டு வந்த வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும் என்றது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் வரிசையாக எச்டி டிவிடியைக் கைவிட்டன, 19-ஆம் தேதி தோஷிபா நிறுத்திக்கொண்டது. லென்ஸும் அடுக்கும் இதில் சின்னப் பங்குதான். அதனால்தான் புதிதாக எந்த வடிவம் வந்தாலும் அதன் தொழில்நுட்பத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதில் படம் தரப்போவது யார், பிளேயர் செய்யப்போவது எத்தனை கம்பெனி என்று பாருங்கள் என்று சொல்லி வருகிறேன்.

இப்போது கையில் எச்டி டிவிடி இருந்தால் முதலில் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஒரு பக்கம் சாதாரண டிவிடி, மறுபக்கம் எச்டி டிவிடி. டிவிடி பிளேயரில் ஓடுகிறதே என்று நம்பி விலை கொடுத்துவிடாதீர்கள், ஓடுவது டிவிடி பக்கம் மட்டுமே. இந்த டிஸ்க்குகள் வயதாகிச் சாவதும் நடக்கிறது, கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியாது, படம் நடுவில் உறைந்து நிற்கும், துடைத்தால் சரியாகாது. பிடித்த படம் என்றால் ப்ளூ-ரேயில் திரும்ப வாங்குவதே நல்லது. வாங்கும்போது உறையின் பின்பக்கம் ரீஜன் எழுத்தைப் பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் சி, அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ. ஏ மட்டும் போட்ட டிஸ்க்கை நம்மூர்ப் பிளேயர் ஏற்காது.

எனக்கு அதிகக் கவலை வீட்டில் பதிந்த ப்ளூ-ரே டிஸ்க்குகள் பற்றித்தான். கல்யாண வீடியோ, பிள்ளையின் முதல் பிறந்தநாள், வேறு பிரதியே இல்லாதவை. டிஸ்க்கிலோ உறையிலோ எல்டிஎச் (LTH) என்ற மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் அது சிடி-ஆர் போல கரிமச் சாயத்தில் பதிவது, வெயிலும் வெளிச்சமும் ஆகாது, அதை முதலில் எடுங்கள். பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பைச் சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது, படிக்கும் டிரைவ்களும் குறைந்துகொண்டே வருகின்றன. டிரைவ் வேலை செய்யும்போதே இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, எடுத்த கோப்பைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவரை மூல டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம்.