டெங்கு வந்தால் எந்த முகவரி சொல்வீர்கள்?

டெங்கு உறுதியானதும் ஆய்வகத்தில் அந்தத் தகவலைக் கணினியில் ஏற்றுவார்கள். 2004-ல் தொடங்கி, படிப்படியாக நாடு முழுக்க வந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் முன்பு வாரத்துக்கு ஒருமுறைதான் கணக்கு போகும். 2021-ல் புதிய இணையதளம் வந்தபின் அன்றன்றைக்கே ஏற்றலாம். அந்தப் பட்டியல் மாநகராட்சிக்கும், பிறகு வார்டில் கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகத் தொட்டி பார்க்கும் ஊழியருக்கும் போகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பறப்பதும் சில நூறு மீட்டருக்குள்தான். அதனால் நோயாளியின் வீட்டைச் சுற்றி உடனே தேடினால் பலன் உண்டு.

ஆனால் எந்த வீடு? சென்னையில் பாதி சிக்கல் இங்கேதான். ஓ.பி. சீட்டுக்கு ஆதாரை நீட்டுகிறார்கள். அதில் சொந்த ஊர் முகவரி. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருக்கும் பையனுக்குக் காய்ச்சல் என்றால், தகவல் தூத்துக்குடிக்குப் போய்விடும். இங்கே மொட்டை மாடியில் மூடி உடைந்த சின்டெக்ஸ் தொட்டியை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அடுத்த வாரம் பக்கத்து அறைக்காரரும் காய்ச்சலோடு வருவார். இது எங்கள் மருத்துவ மையத்தில் மழைக்காலம்தோறும் நடக்கிறது.

அப்புறம், நம் ஊரின் பழைய எண், புதிய எண். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால், ஊழியர் தெருவின் அடுத்த கோடியில் நிற்பார். இரண்டையும் சொல்லுங்கள்.

முகவரி தரப் பலர் தயங்குகிறார்கள். கொரோனா சமயத்தில் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியதை யாரும் மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. தொட்டி பார்க்க வருபவருக்குத் தெருவும் கதவு எண்ணும் போதும், நோயாளியின் பெயர் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

செல்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் இருக்கிறதா என்று கேட்க செவிலியர் அழைப்பது அப்போதுதான். நண்பரின் எண்ணைக் கொடுத்திருந்தால் அவர் வேலைக்குப் போயிருப்பார். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் அழைப்புக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

கிளினிக், லேப் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆதாரைப் பார்த்து எழுதுவதோடு நிறுத்தாமல், “இப்போ எங்கே தங்கியிருக்கீங்க?” என்று தனியாக ஒரு கேள்வி கேளுங்கள். தெருவில் கொசுப்புழு இருக்கும் தொட்டியோ டயரோ கண்ணில் பட்டால், யார் வேண்டுமானாலும் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.