கண்ணை மூடச் சொல்வதற்கு முன்

சில வருடங்களுக்கு முன் தூக்கமே வருவதில்லை என்று ஒரு பெண் ஹிப்னாசிஸ் சிகிச்சைக்காக என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வழக்கம்போல விளக்கைக் குறைத்து, கதவைச் சாத்தி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து ஆரம்பித்தேன். “இமை கனக்கிறது... கை கால் கனக்கிறது... நினைத்தாலும் அசைக்க முடியாது...” சொல்லச் சொல்ல அவர் அப்படியே அடங்கிப்போனார். நல்ல ஆழமான டிரான்ஸ், அதாவது ஹிப்னாசிஸில் மனம் ஒன்றி ஆழ்ந்துபோகும் நிலை, என்று எனக்குள் ஒரு திருப்தி.

அப்புறம்தான் அவர் பாதத்தைப் பார்த்தேன். பத்து விரல்களும் உள்பக்கமாக மடங்கி, வெளுக்கும் அளவுக்கு இறுகியிருந்தன. மூச்சு கழுத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மெல்ல மெல்ல அவரைத் திரும்பக் கொண்டுவரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: “கதவு பூட்டியிருக்கா சார்?”

நான் டிரான்ஸ் என்று நினைத்தது டிரான்ஸே இல்லை. பயத்தில் உடம்பு உறைந்துபோன நிலை அது. இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் அசையாமல் இருப்பதுதான். ஆனால் டிரான்ஸில் இருப்பவரின் மூச்சு வயிறு வரை போய் நிதானமாக வரும், முகம் தளரும், கேட்டால் தாமதமாகவாவது பதில் வரும். உறைந்துபோனவருக்கு மூச்சு மேலோட்டமாக இருக்கும் அல்லது அடக்கிப் பிடித்திருப்பார். உள்ளங்கை வியர்க்கும். நம் குரல் அவரை எட்டாது. அதனால் இப்போதெல்லாம் நான் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை, கையையும் காலையும் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

அன்று இரவு நான் சொன்ன வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ‘அசைக்க முடியாது.’ ‘என் குரல் மட்டும்தான் கேட்கும்.’ ‘எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிடுங்கள்.’ இருட்டான அறை, சாத்திய கதவு, பக்கத்தில் ஓர் ஆண். சின்ன வயதில் யாரோ ஒருவர் ‘அசையாதே, சத்தம் போடாதே’ என்று சொல்லிக் காயப்படுத்தியிருந்தால், நான் சொன்னதற்கும் அதற்கும் அந்த உடம்பு எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கும்? பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாசகங்கள்தான் இவை. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லித்தரவில்லை. ஆனால் மனக்காயம் என்பதே தன் உடம்பின் மேல் தனக்கிருந்த உரிமை பறிபோன அனுபவம். அந்த உரிமையையே இன்னொரு முறை பறித்துக்கொண்டு நாம் சிகிச்சை தர முடியாது.

கண்ணை மூடுவது கட்டாயமே இல்லை. 1840-களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், தன் அறுவைக் கத்தி உறையைக் கண்ணுக்கு எதிரே பிடித்து உற்றுப் பார்க்க வைத்துத்தான் ஹிப்னாசிஸைத் தொடங்கினார். 1976-இல் பான்யாய், ஹில்கார்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளில் ஆட்களை உட்கார வைத்து, கண்ணைத் திறந்தபடியே மிதிக்கச் சொல்லி ஹிப்னாசிஸ் செய்து காட்டினார்கள். தளர்ந்து கிடந்தால்தான் டிரான்ஸ் வரும் என்ற நம்பிக்கையை நாம்தான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெண் மறுபடி வந்தார். நாற்காலியை எங்கே போடலாம் என்று அவரிடமே கேட்டேன். கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாழ் போடவில்லை, சும்மா சாத்தியிருக்கிறது என்று காட்டினேன். வலது கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிடுவேன் என்று சொல்லி, தொடங்கும் முன்பே ஒரு முறை தூக்கச் சொன்னேன். வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தினேன். லேசாகச் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தபடியே அன்றைய அமர்வு போனது. மூன்று மாதத்தில் தூக்கம் ஓரளவு சீரானது. அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை.

நான் முதல் சந்திப்பில் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: எந்த இடம், எந்த வாசனை, எந்த வார்த்தை உங்களுக்கு ஒத்துவராது? இந்தச் சிகிச்சை செய்யும் நம்மில் பலர், வந்தவர் யாராக இருந்தாலும் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலைச் சத்தத்தைக் கேட்கச் சொல்வோம். 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினத்தில் வீட்டையும் ஆட்களையும் இழந்த ஒருவருக்கு அந்த அலை என்னவாக இருக்கும்? இடத்தை அவர்களே சொல்லட்டும். பாட்டி வீட்டுத் திண்ணையாக இருக்கலாம், மொட்டை மாடியாக இருக்கலாம். தொடுவதும் அப்படித்தான். நெற்றியைத் தட்டுவது, கையைத் தூக்கிக் கீழே விடுவது எதுவும் கேட்காமல் வேண்டாம். ‘வேண்டாம்’ என்று சொன்னால் காரணம் கேட்கவும் வேண்டாம்.

ரிக்ரஷன், அதாவது ஹிப்னாசிஸில் ஒருவரைப் பழைய நினைவுகளுக்குத் திரும்பக் கூட்டிப்போவது, பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ‘ஆழ்மனதில் புதைந்திருப்பதைத் தோண்டி எடுக்கிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஹிப்னாசிஸில் வரும் நினைவு சாதாரண நினைவைவிட நம்பகமானது அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-லேயே சொல்லிவிட்டது. ஹிப்னாசிஸே இல்லாமல், குழந்தையாக இருந்தபோது கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைச் சொல்லியே, 24 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேரை முழுதாகவோ அரைகுறையாகவோ நம்ப வைத்தது நினைவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவின் 1995 ஆய்வு. டிரான்ஸில் இருப்பவரிடம் “பக்கத்தில் யார், மாமாவா?” என்று நாம் கேட்கும் ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தையே உடைத்துவிடும். அதே சமயம் ஒருவர் தானாகச் சொல்ல வந்தால் சந்தேகப் பார்வை பார்க்காமல் கேளுங்கள். “அப்புறம்?” என்பதைத் தாண்டி நான் எதையும் சேர்ப்பதில்லை.

எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டம். பழைய காட்சிகள் தினமும் வந்து அலைக்கழித்தாலோ, தற்கொலை எண்ணம் இருந்தாலோ, மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்புங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை என் மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அமர்வு முடிந்ததும் விளக்கை முழுசாகப் போடுகிறேன். பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றச் சொல்லி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைக் கேட்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீர். பேச்சு ஏதாவது: எந்த பஸ், வழியில் என்ன வாங்கணும். வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டவரிடம் “இன்னும் பத்து நிமிஷம் உட்காருங்க, அவசரமில்லை” என்கிறேன். அடுத்தவரின் நேரம் அதனால் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.